நடுவில் இந்த இரண்டரை வருஷம் என்ன செய்தீர்கள்?

வேலையை விட்டுவிட்டுத் திரும்ப வருகிறவர்களுக்கு இன்டர்வியூவில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். எனக்கு முதல்முறை வந்தபோது ஆறேழு நிமிடம் பேசியிருப்பேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, வெளிநாட்டில் இருந்த அண்ணனால் வர முடியாமல் போனது, வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனது, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில்தான் வேலையை விட்டது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். எதிரே இருந்தவர் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். நான் முடித்ததும் "ரொம்பக் கஷ்டம்தான்" என்றார், இரக்கத்தோடுதான் சொன்னார். அதற்கப்புறம் வேலையைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

இப்போது எங்கள் அக்கவுண்ட்ஸ் டீமுக்கு ஆள் எடுக்கும்போது நானும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறேன். அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, கேட்பவருக்கு நம் கதை தேவையே இல்லை. அவருக்கு இரண்டு சந்தேகம் இருக்கிறது. வேலை இன்னும் இவர் கையில் இருக்கிறதா, சேர்ந்த ஆறாவது மாதம் மறுபடி கிளம்பிவிடுவாரா. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார், கிடைக்காவிட்டால் நீங்கள் எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும் அங்கேயே நின்றுவிடுவார். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த இரண்டு சந்தேகத்தையும் சீக்கிரம் தீர்த்துவைப்பதற்கான வழிகள்தான். ரெஸ்யூமேயில் ஆரம்பித்து ஆஃபர் வரைக்கும் வரிசையாகப் போகலாம்.

முதலில் தேதிகள்

ரெஸ்யூமேயைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் ஒவ்வொரு வேலையிலும் சேர்ந்த நாள், விட்ட நாள் இரண்டையும் எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம், ஆஃபர் லெட்டரையும் ரிலீவிங் லெட்டரையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். நோட்டீஸ் பீரியடைக் கணக்கில் சேர்க்காமல் ராஜினாமா கொடுத்த நாளிலிருந்தே இடைவெளியை எண்ணுகிறவர்கள் நிறையப் பேர், அதனால் இரண்டு மூன்று மாதம் சும்மாவே கூடிவிடுகிறது. நடுவில் பகுதிநேரமாக ஏதாவது செய்திருந்தால், யாருக்காவது காசு வாங்கிக்கொண்டு சின்ன வேலை முடித்துக் கொடுத்திருந்தால், அதையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

இது அற்பமான வேலை மாதிரி தெரியும். ஆனால் ரெஸ்யூமேயில் மார்ச், விண்ணப்பப் படிவத்தில் ஜூன், லிங்க்ட்இனில் வேறு ஏதோ என்று மூன்று இடத்தில் மூன்று தேதி இருந்தால் அந்தக் குழப்பம்தான் முதலில் கண்ணில் படும், இடைவெளி அப்புறம்தான். இன்னொன்று, மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்ட இடைவெளியை விளக்க மெனக்கெட வேண்டாம், வேலை மாறும்போது அவ்வளவு நாள் ஆவது சகஜம். 2020, 2021-ஐ ஒட்டி வரும் இடைவெளிக்கும் நீளமான விளக்கம் தேவையில்லை, கொரோனா காலம் எப்படி இருந்தது என்று கேட்பவருக்கும் தெரியும்.

இரண்டு வாக்கியம்

அடுத்த வேலை, காரணத்தை இரண்டு வாக்கியத்தில் எழுதுவது. முதல் வாக்கியத்தில் ஏன் விட்டீர்கள் என்பதும் அது முடிந்துவிட்டது என்பதும் வர வேண்டும். இரண்டாவதில் இப்போது எதற்குத் தயாராக இருக்கிறீர்கள் என்பது. என்னுடையது கடைசியில் இப்படி வந்து நின்றது:

"அப்பாவின் உடல்நிலை காரணமாக 2019 மார்ச்சிலிருந்து இரண்டரை வருடம் முழுநேரமும் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, இப்போது அவர் தேறிவிட்டார், உதவிக்கு ஆளும் வைத்துவிட்டோம். கடைசி ஐந்து மாதமாக ஒரு சிறிய கடைக்குப் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுகிறேன், முழுநேர வேலைக்கு உடனே சேர முடியும்."

இதில் அதிகம் உழைக்கிற பகுதி "உதவிக்கு ஆளும் வைத்துவிட்டோம்" என்பதுதான். முடிந்துவிட்டது என்று சும்மா சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், எப்படி முடிந்தது என்று ஒரு சின்னத் தகவல் கூடவே வர வேண்டும். குழந்தைக்காக விட்டவர் "பள்ளியில் சேர்த்தாகிவிட்டது, மாலையில் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது" என்று சொல்லலாம். சிலருக்குப் பிரச்சினை இன்னும் முடிந்திருக்காது, பராமரிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும். அப்படியானால் முடிந்துவிட்டது என்று பொய் சொல்லாமல் ஏற்பாட்டைச் சொல்லுங்கள்: பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், உங்களுக்கு என்ன நேரம் மட்டும் ஒத்துவராது. கேட்பவர் வாரம் ஐந்து நாளும் நீங்கள் இருக்கையில் இருப்பீர்களா என்று பார்க்கிறார், வீட்டு விவரம் அவருக்கு வேண்டாம்.

ஏன் இவ்வளவு கவனம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு, கொஞ்சம் கசப்பானது. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2018-ல் அமெரிக்கன் சோஷியாலஜிக்கல் ரிவ்யூ இதழில் வந்தது. ஒரே மாதிரியான கற்பனை விண்ணப்பங்களை உண்மையான நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வேலையில் இருக்கும் தாய்மார்களின் விண்ணப்பங்களில் 15.3 சதவீதத்துக்கு அழைப்பு வந்தது, வேலை பறிபோன தாய்மார்களுக்கு 9.7, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தாங்களாகவே வீட்டில் இருந்தவர்களுக்கு 4.9 மட்டும். தந்தையருக்கும் ஏறக்குறைய இதே கதிதான். அதாவது, வேலை இல்லாமல் இருந்ததைவிட, வேலைக்குப் பதிலாக வீட்டைத் தேர்ந்தெடுத்தார் என்ற எண்ணம்தான் அதிகமாக அடிக்கிறது. இது நியாயமே இல்லை, அதற்காக ஒளித்துவைக்கச் சொல்லவும் இல்லை. "குழந்தைக்காக வேலையை விட்டேன்" என்ற வரியைத் தனியாக நிற்கவிடாதீர்கள், அதன் பக்கத்திலேயே "இப்போது திரும்பி வந்துவிட்டேன், ஆதாரம் இதோ" என்ற வரியும் இருக்கட்டும்.

ரெஸ்யூமேயில் எங்கே, எப்படி

நீங்கள் எந்த மொழியில் ரெஸ்யூமே எழுதினாலும் கணக்கு ஒன்றுதான். இடைவெளியை ஒரு வேலை மாதிரியே வரிசையில் அதன் இடத்தில் எழுதிவிடுங்கள், தலைப்பு, காலம், அதிகபட்சம் இரண்டு வரி. என் பழைய ரெஸ்யூமேயில் இருந்தது இது:

"2019–2021: தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பணிபுரிய இயலவில்லை."

படித்தால் மன்னிப்புக் கடிதம் மாதிரி இருக்கிறது. "தவிர்க்க முடியாத" என்ற வார்த்தை எதையோ மறைக்கிறார் என்று நினைக்கவைக்கும், "இயலவில்லை" என்பது இன்றைக்கும் இயலாது என்று காதில் விழும். பின்னால் மாற்றியது:

"கேரியர் பிரேக், 2 ஆண்டு 7 மாதம்: குடும்பத்தில் ஒருவரைப் பராமரித்தல் (நிறைவுற்றது). கடைசி 5 மாதம் சில்லறை வணிகம் ஒன்றுக்குப் பகுதிநேரக் கணக்கு: மாதாந்திர வங்கிக் கணக்கு ஒப்பீடு, சப்ளையர் பில் சரிபார்ப்பு."

யாரைப் பராமரித்தேன், என்ன நோய், எந்த மருத்துவமனை எதுவும் இல்லை. ரெஸ்யூமே நமக்குத் தெரியாத பலர் கைக்குப் போகிற காகிதம், அவர்கள் எல்லோருக்கும் நம் வீட்டு மருத்துவ வரலாறு எதற்கு?

தேதியை எப்படிக் காட்டுவது என்பதில் பயனுள்ள ஓர் ஆய்வு இருக்கிறது. பிரிட்டனில் 9,022 விண்ணப்பங்களை அனுப்பிச் செய்த சோதனை, நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வந்தது. பழைய வேலைகளுக்குத் தொடங்கிய தேதி, முடிந்த தேதி போடாமல் "4 ஆண்டுகள்" என்று அனுபவ அளவை மட்டும் எழுதிய ரெஸ்யூமேக்கு, இடைவெளி பளிச்சென்று தெரியும் ரெஸ்யூமேயைவிட ஏறக்குறைய 15 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. இடைவெளியே இல்லாத ரெஸ்யூமேயைவிடவும் 8 சதவீதம் கூடுதல், அதுதான் ஆச்சரியம். படிப்பவர் தேதியைக் கழித்துக் கூட்டிப் பார்ப்பதை விட்டு அனுபவத்தைப் பார்க்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன்.

ஆனாலும் நான் தேதியை மொத்தமாக எடுத்துவிடுவதில்லை. பல நிறுவனங்களின் ஆன்லைன் படிவம் மாதத்தோடு தேதி கேட்கும், இன்டர்வியூவிலும் கேட்பார்கள். அதனால் "சீனியர் அக்கவுண்டன்ட், 4 ஆண்டு" என்று அளவை முன்னால் தடித்த எழுத்தில் போட்டு, வருடத்தை மட்டும் ஓரத்தில் சின்னதாகப் போடுகிறேன். மாதம் கேட்கிற இடத்தில் மாதம், கேட்காத இடத்தில் வருடம்.

வேலைகளை வரிசையாகச் சொல்லாமல் திறமைகளை மட்டும் தொகுத்து எழுதும் ரெஸ்யூமே வடிவம் ஒன்று உண்டு, இடைவெளி உள்ளவர்களுக்கு அதைத்தான் நிறையப் பேர் சிபாரிசு செய்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மேசைக்கு இந்தப் பக்கமிருந்து அதைப் பார்த்தால் முதலில் தோன்றுவதே "எதை மறைக்கிறார்?" என்பதுதான்.

மேலே மூன்று வரிச் சுருக்கம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். ஆள் எடுப்பவர்களின் கண் ரெஸ்யூமேயில் எங்கே எங்கே போகிறது என்று தி லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம் 2018-ல் பார்த்தபோது முதல் பார்வைக்குச் சராசரியாக 7.4 விநாடிதான் செலவானதாம். அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் ஒரு பதவிக்கு அறுபது எழுபது ரெஸ்யூமே வரும் நாளில் நானும் விநாடிக் கணக்கில்தான் புரட்டியிருக்கிறேன். அந்த நேரத்தில் கண்ணில் பட வேண்டியது உங்கள் ஆறு வருட அனுபவம், இடைவெளி அல்ல. சுருக்கத்தில் இடைவெளியைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம்.

ஊதிப் பெருக்காதீர்கள்

இடைவெளியில் செய்ததற்குப் பெரிய பெரிய பட்டம் கொடுத்து எழுதுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. "இல்ல நிர்வாக இயக்குநர், நிதி மற்றும் தளவாடப் பிரிவுகளை மேற்பார்வையிட்டேன்" என்று ஒரு ரெஸ்யூமே என் கைக்கு வந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்வது சாதாரண வேலை என்று நான் சொல்லவில்லை, செய்தவனுக்குத் தெரியும். ஆனால் அப்படி எழுதினால் படிப்பவர் சிரித்துவிடுகிறார், அந்தச் சிரிப்போடுதான் அடுத்த வரிக்கும் போகிறார்.

எதை எழுதலாம்? யாராவது போன் போட்டுக் கேட்டால் "ஆமாம், செய்தார்" என்று சொல்லக்கூடிய எதையும் எழுதலாம். குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு வருடம் வரவு செலவு எழுதியது, நண்பரின் கடைக்கு வலைத்தளம் செய்து கொடுத்தது, முடித்த ஒரு படிப்பு. பாதியில் விட்ட ஆன்லைன் கோர்ஸ்கள் ஏழெட்டை வரிசையாகப் போடுவதைவிட முடித்த ஒன்றைப் போட்டு, அதை வைத்து என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுவது எவ்வளவோ மேல்.

ஒன்றுமே செய்யவில்லையா? பரவாயில்லை, செய்யாததைச் செய்ததாக எழுத வேண்டாம், இப்போதிலிருந்து நான்கு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் உங்களுக்குப் பொருந்தும் வேலை விளம்பரங்கள் பத்தை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் மென்பொருள், முறை, சான்றிதழ் பெயர்களை எண்ணுங்கள். பத்தில் ஆறுக்கு மேல் வருவதில் உங்களுக்குத் தெரியாதவை இரண்டு மூன்றுதான் இருக்கும், அதில் ஒன்றையோ இரண்டையோ பிடித்துக்கொள்ளுங்கள். மீதி மூன்று வாரத்தில் அதை வைத்துச் சின்னதாக ஒரு வேலையை உண்மையிலேயே முடியுங்கள்.

நான் இதைச் செய்யாமல்தான் முதல் சில இன்டர்வியூக்களுக்குப் போனேன். எக்செல் எனக்கு அத்துப்படி என்ற தைரியம். இரண்டாவது இன்டர்வியூவில் ஒரு ஷீட்டைக் கொடுத்து இரண்டு பட்டியலை ஒப்பிடச் சொன்னார்கள், நான் விலுக்அப் என்ற பழைய ஃபார்முலாவைப் போட ஆரம்பித்தேன், பக்கத்தில் நின்ற பையன் "எக்ஸ்லுக்அப் போட்டுடுங்களேன்" என்றான். நான் வேலையை விட்ட சில மாதங்கள் கழித்து, 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த ஃபார்முலா அது, எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விலுக்அப்பிலும் சரியான விடைதான் வந்தது. ஆனால் "வேலை இன்னும் கையில் இருக்கிறதா" என்ற சந்தேகத்துக்கு அந்த ஒரு நொடியில் தப்பான பதில் கிடைத்துவிட்டது. கற்றுக்கொள்ள எனக்குப் பிடித்தது இருபது நிமிடம்.

லிங்க்ட்இன், படிவம், பழைய ஆட்கள்

லிங்க்ட்இனில் 2022 மார்ச்சிலிருந்து கேரியர் பிரேக்கை வேலை அனுபவத்தோடு சேர்த்தே பதியலாம். பராமரிப்பு, முழுநேரப் பெற்றோர், லேஆஃப் (ஆட்குறைப்பு), உடல்நலம், பயணம் என்று 13 வகை கொடுத்திருக்கிறார்கள். ரெஸ்யூமேயில் எழுதிய அதே வரியை அங்கேயும் போடுங்கள், தேதியும் அதேதான். வகையைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் ஒரு நிமிடம் யோசியுங்கள், அது எல்லோர் கண்ணிலும் படும்.

ஆன்லைன் படிவம்தான் தலைவலி. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, கணக்கெடுத்த நிறுவனங்களில் கிட்டத்தட்டப் பாதி, ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி உள்ள விண்ணப்பங்களை வடிகட்டிவிடுகின்றன. மென்பொருளிலேயே அப்படி வைத்திருந்தால் உங்கள் அழகான இரண்டு வாக்கியத்தை மனிதர் யாரும் படிக்கப் போவதே இல்லை. நூறு இடத்துக்கு அனுப்பி ஒரு பதிலும் வராதவர்கள் தங்களைத்தான் நொந்துகொள்கிறார்கள், பல சமயம் விஷயம் இதுதான். படிவத்தில் இடைவெளியைத் தனிப் பதிவாகச் சேர்க்க இடம் இருந்தால் "கேரியர் பிரேக்" என்றே சேர்த்துவிடுங்கள். "சுயதொழில்" என்று போட்டு நிரப்பும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், என்ன தொழில், யார் வாடிக்கையாளர், வருமானம் எவ்வளவு என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும்.

வடிகட்டியைச் சுற்றிப் போக நல்ல வழி தெரிந்தவர்கள்தான். பழைய மேனேஜர், டீமில் கூட இருந்தவர்கள், உங்களோடு வேலை செய்த வாடிக்கையாளர்கள். "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று அனுப்பினால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது, "கண்டிப்பா" என்று பதில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். எனக்கு வேலை வாங்கித் தந்த செய்தி இதுதான்:

"சார், வணக்கம். அப்பா தேறிவிட்டார், நான் வேலைக்குத் திரும்புகிறேன். உங்கள் நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் பேயபிள் பதவிக்கு விளம்பரம் பார்த்தேன். மந்த் எண்ட் க்ளோஸிங் நான் எப்படிச் செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். ரெஸ்யூமேயை அந்தக் குழுவின் மேனேஜருக்கு அனுப்ப முடியுமா? கோப்பு இணைத்திருக்கிறேன்."

எந்தப் பதவி (சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவு), எதை அவர் சாட்சி சொல்ல முடியும் (மாதக் கடைசியில் கணக்கை முடிப்பது), அவர் என்ன செய்ய வேண்டும், மூன்றும் அதில் இருந்தன. அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்.

ரிட்டர்ன்ஷிப் என்ற பெயரிலும் திட்டங்கள் இருக்கின்றன. கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க வங்கி 2008-ல் தொடங்கியது, இன்று பல பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கின்றன: இடைவெளிக்குப் பிறகு வருபவர்களைச் சில வாரமோ சில மாதமோ சம்பளத்தோடு எடுத்து, சரிவந்தால் நிரந்தரமாக்குவார்கள். சேரும் முன் ஒரே கேள்வி கேளுங்கள், போன முறை எடுத்தவர்களில் எத்தனை பேரை நிரந்தரமாக்கினீர்கள் என்று. பதில் சொல்லத் தயங்கினால் நீங்களும் தயங்கலாம்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் மின்னஞ்சலில் இடைவெளி ஒரு வருடத்துக்கு மேல் என்றால் ஒரு வரி போதும், அதுவும் கடைசிப் பத்தியில்.

இன்டர்வியூவில் வாயைத் திறப்பது

அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பிப்பார்கள் அல்லவா, அந்தப் பதிலிலேயே நடுவில் வைத்துச் சொல்லிவிடுங்கள்: அனுபவம் முதலில், இடைவெளி நடுவில், இந்த வேலை கடைசியில். கேட்டுச் சொன்னால் அது விளக்கமாகிவிடுகிறது, நீங்களாகச் சொன்னால் வெறும் தகவல்.

சொல்லிப் பழகுவதற்குக் கண்ணாடி வேண்டாம், செல்போன் ரெக்கார்டர் போதும். நான் முதலில் பதிவு செய்து கேட்டபோது இரண்டு நிமிடம் பத்து விநாடி ஓடியது. "துரதிர்ஷ்டவசமாக" என்ற வார்த்தை நான்கு முறை வந்தது, நான் அந்த வார்த்தையை வேறெங்கும் பேசியதே இல்லை. கேட்கக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. அதை வெட்டி, அண்ணன் கதையை வெட்டி, மருத்துவர் சொன்னதை வெட்டி, ஏழாவது பதிவில் முப்பது விநாடிக்கு வந்தேன். முப்பது விநாடி போதும். பத்து விநாடியில் முடித்தால் எதையோ தாண்டிப் போகிறார் என்று தோன்றும்.

அப்புறம் நிறுத்திவிடுங்கள். கஷ்டமே இதுதான். சொல்லி முடித்ததும் எதிரே இருப்பவர் குறித்துக்கொள்வார், ஐந்தாறு விநாடி சத்தம் இருக்காது. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் நாம் "அதாவது என்னன்னா" என்று மறுபடி ஆரம்பிக்கிறோம், சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததெல்லாம் அங்கேதான் கொட்டும். நான் வேலை வாங்கிய இன்டர்வியூவில் முப்பது விநாடி பேசிவிட்டு மேசைக்கடியில் விரலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "சரி, வெண்டர் கணக்கு ஒத்துப்போகலைன்னா முதலில் எங்கே பார்ப்பீங்க?" என்றார். அவ்வளவுதான், இரண்டரை வருடம் அந்தக் கேள்வியோடு முடிந்துவிட்டது.

சில கிளைக் கேள்விகள் வரும். "மறுபடி அப்படி ஒரு சூழ்நிலை வந்தால்?" என்பதற்கு, வரவே வராது என்று சத்தியம் செய்யாதீர்கள், யாராலும் முடியாது. போன முறை தனியாக இருந்தேன், இப்போது மாற்று ஏற்பாடு இன்னது இருக்கிறது என்று சொல்லுங்கள். "ஏன் பகுதிநேரமாகக்கூட ஒன்றும் பார்க்கவில்லை?" என்றால், அப்போது முடியவில்லை, இந்த மாதத்திலிருந்து இதைச் செய்கிறேன் என்று ஒரே மூச்சில் நிகழ்காலத்துக்கு வந்துவிடுங்கள். "துறை நிறைய மாறிவிட்டதே" என்றால் என்ன மாறியது என்று நீங்களே இரண்டு உதாரணம் சொல்லுங்கள், அந்த நான்கு வாரம் இங்கேதான் கை கொடுக்கும்.

எல்லை மீறும் கேள்விகளும் வரும்: அடுத்த குழந்தை எப்போது, என்ன நோய், மருந்து சாப்பிடுகிறீர்களா. அமெரிக்காவில் 1990-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி வேலை தருவதாகச் சொல்லும் முன் உடற்குறைபாடு பற்றிக் கேட்கக் கூடாது, பிரிட்டனிலும் 2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டம் சில விதிவிலக்குகளோடு உடல்நலக் கேள்வியைத் தடுக்கிறது. எந்த நாட்டில் இருந்தாலும் அறைக்குள் சட்டம் பேசிக்கொண்டிருக்க முடியாது. "இந்த வேலையைச் செய்ய எனக்கு எந்தத் தடையும் இல்லை" என்று சொல்லிவிட்டு வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். திரும்பவும் அதே இடத்துக்கு வந்தால் அந்த அலுவலகத்தைப் பற்றி உங்களுக்கும் ஒன்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லச் சங்கடமான காரணங்கள்

லேஆஃப் இன்று எல்லோருக்கும் புரியும், குழுவில் எத்தனை பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள் என்ற எண்ணிக்கையைச் சேர்த்துச் சொன்னால் போதும். உங்களை மட்டும் வேலையை விட்டு அனுப்பியிருந்தால் கொஞ்சம் கடினம். "எதிர்பார்த்த வேகத்துக்கு என்னால் வர முடியவில்லை, பிரிந்தோம், அதற்கப்புறம் இதைச் சரிசெய்துகொண்டேன்" என்று ஒரு வரி. பழைய மேலாளர் எவ்வளவு மோசமானவராக இருந்திருந்தாலும் அவரைப் பற்றிப் பேச வேண்டாம், கேட்பவரும் ஒரு மேலாளர்தான், அடுத்தது தன்னைப் பற்றி இப்படிப் பேசுவார் என்று அவருக்குத் தோன்றும்.

உடல்நலமோ மனநலமோ என்றால் "உடல்நலக் காரணம், முழுவதும் குணமாகிவிட்டது" என்பதற்கு மேல் சொல்லக் கடமையில்லை. மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்ததும் உடல்நலக் காரணம்தான், அந்தச் சொல்லில் பொய் இல்லை.

போட்டித் தேர்வுக்குப் படித்துத் தேர்வாகாதவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறார்கள். கேட்பவரை உறுத்துவது தோல்வி இல்லை, அடுத்த அறிவிப்பு வந்தால் இவர் மறுபடி எழுதப் போய்விடுவாரா என்பதுதான். "மூன்று முறை எழுதினேன், இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் முதலில் உங்களுக்குள் முடிவு செய்யுங்கள், பாதி மனதோடு சொன்னால் குரலிலேயே தெரிந்துவிடும். சொந்தத் தொழில் நடத்தி மூடியவர்களுக்கும் இதேதான், மூடியாகிவிட்டது என்று சொல்லுங்கள், அதற்கப்புறம் எத்தனை வாடிக்கையாளர், எவ்வளவு வரவு, ஏன் நின்றது என்று எண்ணோடு சொன்னால் அது இடைவெளியே இல்லை, அனுபவம்.

வெறுமனே களைத்துப்போய் ஒரு வருடம் ஓய்வெடுத்தீர்களா, ஊர் சுற்றினீர்களா? அதையே சொல்லலாம், சேமிப்பு வைத்துத் திட்டமிட்டு எடுத்த இடைவெளி என்று.

சம்பளமும் சரிபார்ப்பும்

ஆஃபர் நெருங்கும்போது நமக்கே நம்மேல் ஒரு குற்ற உணர்வு இருக்கும். நான் கேட்காமலேயே "நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் சரி" என்று சொல்லிவைத்தேன், அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள், அந்தக் குறையைச் சரிக்கட்ட எனக்கு இரண்டு வருடச் சம்பள உயர்வு ஆனது. விட்டபோது வாங்கிய சம்பளத்தை வைத்துப் பேசாதீர்கள், இன்று அந்தப் பதவிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று நான்கு பேரிடம் விசாரித்து அந்த எண்ணைச் சொல்லுங்கள். ஒரு படி கீழே இறங்கிச் சேருவதை யோசிக்கலாம், ஆறு மாதத்தில் மதிப்பீடு உண்டு என்று எழுத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது. இரண்டு படி இறங்கினால் ஏறுவதற்குள் அலுத்துவிடும்.

கடைசியில் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன். பழைய அலுவலகத்தின் ஹெச்.ஆரிடம் சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் கேட்பார்கள். ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இடைவெளியில் படித்ததற்கான சான்றிதழ், பகுதிநேர வேலைக்குப் பணம் வந்த வங்கி வரவு எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய நிறுவனம் மூடப்பட்டுவிட்டால் ஆஃபர் லெட்டரும் சம்பளம் வந்த வங்கிக் கணக்கு அறிக்கையும் பொதுவாக உதவும், அதைச் சரிபார்ப்பவர்கள் கேட்கும் முன்பே ஹெச்.ஆரிடம் சொல்லிவிடுங்கள்.

போன வருடம் நாங்கள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். மூன்று சுற்றிலும் பிரமாதமாகப் பதில் சொன்னார், எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. சரிபார்ப்பில் அவர் பழைய வேலையை விட்டதாகச் சொன்ன தேதியும் அந்த அலுவலகம் சொன்ன தேதியும் நான்கு மாதம் இடித்தது, இடைவெளி தெரியாமலிருக்க இழுத்துப் போட்டிருந்தார். ஆஃபரைத் திரும்பப் பெறுவது என்று மேலே முடிவாகிவிட்டது. அந்தத் தேதியை உள்ளபடி எழுதியிருந்தால் அந்த நான்கு மாதத்தைப் பற்றி எங்களில் யாரும் கேட்டிருக்கவே மாட்டோம்.